மானாமதுரையோடு திரும்பிய கடல் பயணம்

மதுரை செல்லூரிலிருந்து தேவிபட்டினம் கடற்கரை ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். நாங்கள் போனது மானாமதுரை வரைக்கும்தான். பார்க்காத கடலுக்கு என்னய்யா பயணக் கட்டுரை என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்தப் பாதி வழிதான் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். ஆயுத பூசைக்கு மறுநாள், கிழக்கு வெளுக்கும் முன்பே கிளம்பினோம். வண்டியை ஓட்டியவர் செல்லூரில் விசைத்தறி வைத்திருந்த செல்லையா அண்ணன். உள்ளே கட்டிலில் அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி. மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு மிஷன் பள்ளி வாத்தியாராகிய நான். மாடிப்படியில் விழுந்ததிலிருந்து மதினிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. வருசக்கணக்காகப் படுக்கைதான். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை, ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை.

அதற்காகவே அண்ணன் ஒரு பழைய ஆஸ்பத்திரி வேனை ஏலத்தில் எடுத்தார். கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம் என்று வைத்து அதை வீடாகவே ஆக்கிவிட்டார். தெருக்காரர்கள் 'செல்லையா பங்களா' என்று கேலி பேசினார்கள். சன்னல் சின்னது, தகரக் கூரை, படுத்தே கிடப்பவருக்கு முதுகெல்லாம் புண். ஃபேன் இல்லாமல் முடியாது. ஃபேனுக்காக மைக்செட்காரர் ஒருவரிடம் பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினார். பூசைக்கு முன்னால் நாலைந்து நாள் ஓட்டிப் பார்த்தோம், ஒரு பிசகும் இல்லை. பூசையன்று அதைக் கட்டிலோரம் தூக்கிவரச் சொல்லி, மதினி தன் கையாலேயே டேங்க் உச்சியில் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். "என்னையக் கடலுக்குக் கூட்டிப்போற சாமில்ல இது" என்றார்.

தெப்பக்குளம், விரகனூர் தாண்டிப் போகும்போது உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "தம்பி, இப்ப எந்த ஊரு?" நான் சொல்லச் சொல்ல, "சரி, சரி" என்பார். அவர் சன்னலில் பனைமரத் தலையும் வானமும்தான் தெரியும். சிலைமான் கழிந்ததும் ஜெனரேட்டர் நின்றது.

அண்ணன் இறங்கி, வேனின் பின்படியில் கட்டியிருந்த அதன் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்ததும் ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. திருப்புவனத்தில் நாற்பது பைசா டீயைக் குடிக்கவிடாமல் இன்னொரு தரம் நின்றது. டீக்கடைக்காரர், "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்ணே" என்றார். புதுப் பெட்ரோல் ஊற்றினோம், ஓடியது, நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை வைகையில் தூக்கிப் போட்டிருப்பேன்.

மானாமதுரையை அடைந்தபோது உச்சி வெயில். மெக்கானிக் ஒருவர் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினார். கார்பரேட்டரை ஊதினார். ஓடவிட்டு, "இனி நின்னா என்னைக் கேளுங்கண்ணே" என்றார். அவர் கை கழுவுவதற்குள் நின்றுவிட்டது. வேனுக்குள் அனல். மதினி உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். முதுகுத் துணி ஈரமாகிப் புண்ணோடு ஒட்டியிருந்தது.

"இன்னும் எம்புட்டு தூரம் தம்பி?"

"பாதிக்கு மேல இருக்கு மதினி."

அவர் அண்ணனைப் பார்த்தார். "போதுங்க, திரும்பிருவோம்." வரும் வழியில் எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் அண்ணன் ஜெனரேட்டரை மண்ணெண்ணெய்த் துணியால் அழுந்தத் துடைத்துவிட்டு ஓட்டினார். பொழுது சாயும் வரை நிற்காமல் ஓடியது. என்னைக் கூப்பிட்டு டேங்க் மூடியைக் காட்டினார். நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். காய்ந்த சந்தனம் அதை அடைத்திருக்கிறது. நின்ற போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்தோமே, அப்போது புகுந்த காற்றில்தான் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. அண்ணன் அந்த மஞ்சள் படிந்த துணியைக் கீழே வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். "வாத்தியாரே, அவகிட்ட மட்டும் சொல்லிராதீக" என்றார்.

அடுத்த வாரமே, "வா, திரும்பப் போவோம், சரியாயிருச்சு" என்று மதினியைக் கூப்பிட்டார்.

"அந்த மெக்கானிக்கும் அப்படித்தான சொன்னாரு. என்ன கோளாறுன்னு சொல்லுங்க, வாரேன்."

அண்ணன் குனிந்து அவர் தலையணையைச் சரிசெய்தார்.

"பாத்தீகளா, தெரியல. நீங்க வெயில்ல நின்னு கயிறு இழுத்தத நெனச்சா எனக்குக் கடலே வேணாம்."

காரணத்தைச் சொன்னால் வந்திருப்பார். சொன்னால், தன் கையே தன் ஆசையைக் கெடுத்தது என்று காலமெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு அந்த மனுசன் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிற்பாடு பள்ளிப் பிள்ளைகளோடு தேவிபட்டினம் போனேன். அலையே இல்லாமல் கண்மாய் மாதிரிக் கிடக்கிற சாதுவான கடல் அது. பார்க்கப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது. கட்டிலோடு தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோயிருக்கலாம்.

மறு வருசம் ஆயுத பூசைக்கு மதினி ஜெனரேட்டரைத் தூக்கிவரச் சொன்னார். "போன தடவ பொட்டு சின்னதா வச்சுட்டேன் போல, அதான் பாதியில நின்னுருச்சு" என்று உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பினார். அண்ணன் அதைத் துடைக்கவில்லை. எங்கேயும் போகப் போவதில்லையே.