கரையேறும் இடம்

எங்கள் ஆற்றில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் படகு விடுகிற அளவுக்குத் தண்ணீர் ஓடும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், அக்காவின் கணவர் கயாக் படகைக் கார் மேல் கட்டிவிடுவார். அத்தான் வடக்கே வேலை பார்த்த காலத்தில் மலையாறுகளில் பழகியவர். "கிறுக்குப் பிடிச்ச மனுசன்" என்று திட்டிக்கொண்டே அக்கா ஃபிளாஸ்கில் காபி ஊற்றித் தருவாள்.

ஆற்றில் எங்கே இறங்குவது என்று அவர் அலட்டிக்கொண்டதே இல்லை. எங்கே கரையேறுவது என்பதுதான் கவலை. ஏறுமிடம் துணி துவைக்கும் படித்துறை. அதைத் தவறவிட்டால் ஐம்பதடியில் தரைப்பாலம். என் வேலை, பாலத்து ஓரக் கற்களைப் பார்த்துப் போனில் சொல்வது. பாதிக் கல் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அவர் இறங்கலாம். அதற்கும் குறைவாகத் தெரிந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மூன்று மழைக்காலமாக இது தப்பவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

போன ஐப்பசியில் பார்த்தேன். பாதிக்கு மேலேயே தெரிந்தது.

"எறங்குங்கத்தான், எம்புட்டோ தெரியுது."

"நல்லாப் பாத்தியா மாப்ள?"

"பாத்துட்டுத்தான சொல்லுதேன்."

அந்தக் கோடையில் பாலத்தைச் செப்பனிட்டபோது, பழைய முழங்கால் உயரக் கற்களைப் பிடுங்கிவிட்டு இடுப்பளவுக் கற்களை நட்டிருந்தார்கள். நட்டதை நானே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தேன். பழைய கற்கள் இருந்திருந்தால் அன்று முக்கால்வாசி முழுகியிருக்கும். இந்த முட்டாளுக்கு அது உறைக்கவில்லை.

வளைவில் திரும்பியதுமே அவர் படித்துறையை நோக்கித் துடுப்புப் போட்டார். வெள்ளம் விடவில்லை. நான் எறிந்த கயிறு அவருக்குப் பின்னால் விழுந்தது. படகு இரண்டு கற்களுக்குக் குறுக்கே மாட்டிக் கவிழ்ந்தது. ஆட்கள் வந்து உடலை இழுத்தெடுக்க வெகுநேரம் ஆனது. ஹெல்மெட் வார்கூடக் கழலவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குத் துட்டி விசாரிக்க வந்த அத்தானின் பெரியப்பா, "கூடப் போனவன் என்னத்தப் பாத்தான்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அக்கா சீறினாள்.

"எந்தம்பிய ஒண்ணும் சொல்லாதீய. திடீர்னு தண்ணி ஏறிப்போச்சு. அவன் என்ன செய்வான்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். இன்றும் யார் கேட்டாலும் அவள் அதையேதான் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. அத்தான் நினைப்பில் அழுகிறேன் என்று என் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள்.