நல்லது என்று சொல்லாத நாள்

பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிறு பின்னேரங்களில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு பஸ் ஏறிப் போவேன். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையைத்தான் ஜெபவீடாக வைத்திருந்தார்கள். பத்துப் பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். வேதாகமத்தில் ஒரு அதிகாரத்தை வாசித்து அர்த்தம் சொல்வது என் வேலை.

அடுத்த அறைக்காரி ஒரு நாள் தானாகவே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து பறிப்பவள். நெற்றியில் திருநீறு. மாரியம்மன் கோவில் திருவிழாவில் முன்னால் நிற்கிறவள். அவள் வந்ததில் சிலருக்கு ஆச்சரியம்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தே எல்லாம் கேக்குது. பாதி கேக்குது, பாதி கேக்கல. அதான் நேர்ல வந்துட்டேன்" என்றாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கேட்டதை மறக்க மாட்டாள். போன வாரம் எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று எனக்கே அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டபோது நான் நிறையக் குறிப்பெழுதிக்கொண்டு போனேன். உள்ளூரப் பயம். வகுப்பில் பூமியின் வயதைக் கோடிக்கணக்கான வருடங்கள் என்று சொல்லிவிட்டு, இங்கே ஆறு நாள் என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட யுகம் என்று விளக்கினேன். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் அந்தச் சபைக்குப் பெரியவர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாள்னா நாள்தான் டீச்சர். சாயங்காலம் ஆச்சு, விடிஞ்சிச்சுன்னு எழுதியிருக்குல்ல? யுகத்துக்கு எங்கயாச்சும் விடியுமா?"

இருவரும் அரைமணி நேரம் வாதாடினோம். அறையில் இருந்தவர்களுக்கு அலுத்துவிட்டது. அப்போதுதான் அக்கா பின்னாலிருந்து கேட்டாள்.

"டீச்சர், ரெண்டாவது நாள்ல ஒரு வரிய வாசிக்காம விட்டுட்டீங்களா?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"மத்த நாளெல்லாம் கடவுள் பாத்து நல்லதுன்னு சொல்றாரு. ரெண்டாவது நாளு மட்டும் சொல்லலியே."

நான் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்துத் திரும்பப் பார்த்தேன். உண்மையாகவே அந்த வரி அங்கே இல்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் புத்தகத்தில் தேடினார். அதிலும் இல்லை. சிறு வயதிலிருந்து எத்தனை தடவை வாசித்திருப்போம்; இருவருமே கவனித்ததில்லை.

"அன்னைக்கு என்னா செஞ்சாரு?" என்று கேட்டாள்.

"தண்ணீரை இரண்டாகப் பிரித்தார். நடுவில் வானத்தை வைத்து, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்."

"அதான். பிரிச்சிட்டாருல்ல. அத எப்புடி நல்லதுன்னு சொல்லுவாரு?"

பெரியவர் விடவில்லை. "மொத நாளும்தான் வெளிச்சத்தயும் இருட்டயும் பிரிச்சாரு. அன்னைக்கு நல்லதுன்னு சொல்லியிருக்கே?"

"அது வேற வேற சாமான்ங்க. வெளிச்சம் வேற, இருட்டு வேற. தண்ணியும் தண்ணியும் ஒண்ணுதானேங்க?"

எனக்குக் குறிப்புகளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாளை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். கீழே கிடந்த தண்ணீர் ஓரிடத்தில் சேர்கிறது, நிலம் தெரிகிறது, புல் முளைக்கிறது. அந்த நாளில் நல்லது என்ற வார்த்தை இரண்டு தடவை வந்தது. அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டாள்.

அன்று பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தாள். மூடுபனி இறங்கியிருந்தது. வழியில்தான் சொன்னாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்துச்சு டீச்சர். தோட்டத்து ஆளுங்கள ரெண்டு நாடும் பங்கு போட்டுக்கிட்டப்ப, அது கட்டிக்கிட்டுப் போன வீட்டுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திருச்சு. எங்களுக்கு இங்கதான் பிரஜாவுரிமை. எனக்கு அப்ப பத்து வயசு. பதுள ஸ்டேஷன்ல கோச்சி நகர்றப்ப, ஜன்னல் வழியா என் கையப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சு. அப்பாதான் பிரிச்சுவிட்டாரு."

இந்தியாவில் நீலகிரிப் பக்கத்துக் கோத்தகிரியிலிருந்து சில வருடங்கள் கடிதம் வந்திருக்கிறது. பிறகு கலவரம், இடம் மாற்றம், அப்பாவின் சாவு. கடிதம் நின்றுபோனது. கடைசிக் கடிதத்தைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். அடுத்த வாரம் அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இந்த விலாசத்துக்கு எழுதிப் பாக்கலாமா?" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேற்பட்ட விலாசம். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல எழுதித் தபாலில் சேர்த்தேன். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் வந்தது. அவளுடைய அக்காவின் மகன் எழுதியிருந்தான். அம்மா உயிரோடு இருக்கிறார் என்றும் இதுதான் நம்பர் என்றும் நாலே வரி.

ஞாயிறு கூட்டம் முடிந்ததும் ஜெபவீட்டு வாசலில் நின்று என் போனில் ஸ்பீக்கரைப் போட்டு எடுத்தோம். இரண்டு பக்கமும் வெகுநேரம் அழுகைதான். பிறகு அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது: "ஏன்டி, காதுத் தோடு தொலஞ்சதுக்கு அம்மா உன்ன அடிச்சிச்சே, அது கெடச்சிச்சா?"

"கெடைக்கவே இல்லக்கா," என்று இவள் சிரித்தாள். சபைப் பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்பால் போனார்.

மறுவருடம் கொழும்பில் கடையில் வேலை செய்த அவளுடைய மகன் பாஸ்போர்ட் எடுத்துக்கொடுக்க, அவள் ஒரு மாதம் கோத்தகிரியில் இருந்துவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இதே குளிருதான், இதே தேயிலதான் டீச்சர். ஆனா அங்க கையால பறிக்காம கத்திரிக்கோலு வச்சு வெட்டுறாங்க. அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. என் மூஞ்சியத் தடவித் தடவிப் பாத்துச்சு. பத்து வயசு மூஞ்சியத் தேடுதுன்னு நெனைக்கிறேன்."

அதன் பிறகு எனக்கு பசறைக்கு இடமாற்றம் வந்தது. அந்தப் பாதையில் பஸ் ஏறி வருடங்களாகிவிட்டன. படைப்பைப் பற்றி யாராவது இப்போது அர்த்தம் கேட்டால், ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்ற வாதத்துக்கு நான் போவதில்லை. அந்த அறையின் பாயும், மழை ஈரத்தோடு வரும் தேயிலை வாசனையும், விரலை மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்த அவளுமாகத்தான் அந்த நாள் மனதில் வருகிறது. கோத்தகிரியிலிருந்து அவள் கொண்டுவந்து தந்த தைலத்தைத் தடிமன் பிடித்து மூக்கடைத்த நாட்களில் சிறிது சிறிதாகத் தேய்த்துத் தீர்த்துவிட்டேன். வெறும் போத்தல் அலமாரியில் இருக்கிறது. என் மகள் அதை எறியப் போனபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.