சீர்த்தட்டில் வந்த போன்

கோரிப்பாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்து எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. தண்ணீரில் விழுந்த போன், லாரி ஏறிய போன், மாமியார் சுவரில் எறிந்த போன் என்று எல்லாவற்றையும் பிழைக்க வைத்திருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதை என் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்து இறக்கி வைத்தவள் முனீஸ்வரி. அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நடுநடுவே என்னையே நான் திட்டிக்கொண்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

முனீஸ்வரிக்கு அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா முத்துத்தாய் இரண்டு மாடு வைத்துக்கொண்டு, கரும்புக் காட்டு வேலைக்கும் போய், மகளைப் பசுமலையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். முத்துத்தாயின் அண்ணன் கருத்தக்கண்ணன். இவர்கள் இரண்டு பேரும் என் பெரியப்பா பிள்ளைகள். அதனால் முனீஸ்வரிக்கு அவர் பெரிய மாமா, வெள்ளைத்துரை ஆகிய நான் தொரை மாமா.

மூன்று வருடத்துக்கு முன்னால் முத்துத்தாய் அக்கா ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு ஒரு அறை, ஒரு அடுப்படியோடு கான்கிரீட் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அண்ணன்காரர் கொட்டு மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். குத்துவிளக்கு, பித்தளைப் பானை, சேலை, ஐந்து வகைப் பழம். கடைசித் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்குக்கு மேல், மருமகளுக்கென்று ஒரு புதுப் போன். அந்த வருடம்தான் அவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் தாய்மாமன்னா இப்படி இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

அந்தப் போனுக்குள் ஒற்றனை உட்கார வைத்தவன் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டான் என்று யாரும் பேச வேண்டாம். கருத்தக்கண்ணன் அண்ணன் என் கடையில்தான் அதை வாங்கினார். "பொம்பளப் பிள்ள தம்பி. பஸ்ஸுல போயிட்டு வருது. எங்கன இருக்குன்னு தெரிஞ்சா நமக்கு நிம்மதி" என்றார். நானும் தலையாட்டினேன். அவள் நிற்கும் இடம், பேசும் நம்பர், வருகிற செய்தி எல்லாம் அவர் போனுக்குப் போகிற மாதிரி ஒரு ஆப்பைப் போட்டேன். சாதாரணமாகப் போட்டால் பிள்ளை கண்டுபிடித்து அழித்துவிடும். அதனால் போனுக்குக் கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, கம்பெனிக்காரன் தன் சாமான்களை வைத்திருக்கும் அடிப்பகுதியிலேயே கொண்டுபோய் வைத்தேன். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் போனை முழுக்கத் துடைத்தாலும் அது அசையாது. அதில் எனக்குப் பெருமை வேறு. புத்தி அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது.

அண்ணனுக்கு வேண்டியது நிம்மதி மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அருள்பாண்டி என்று ஒரு மகன். டிராக்டர் ஓட்டுகிறான், தங்கமான பையன். முனீஸ்வரி அவனுக்கு முறைப்பெண். அவனுக்கு அவள்தான் என்று அண்ணன் எப்போதோ முடிவு செய்துவிட்டார். அவனையும் யாரும் கேட்கவில்லை, அவளையும் யாரும் கேட்கவில்லை.

முதல் வருடம் முனீஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லூரி முடிந்து தோழி கனகாவோடு மாட்டுத்தாவணிப் பக்கம் போனால், வீட்டுக்கு வருவதற்குள் மாமா அம்மாவிடம் சொல்லியிருப்பார். கனகாதான் கோள் சொல்கிறாள் என்று சந்தேகப்பட்டு அவளோடு ஆறு மாதம் பேசவில்லை. மூன்றாம் வருடம் சென்னையில் ஒரு பயிற்சிக்கு இவளைத் தேர்ந்தெடுத்துச் செய்தி வந்தது. இவள் அதைப் படித்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கருத்தக்கண்ணன் அதில் இருந்த நம்பருக்குப் பேசி, எங்கள் பிள்ளை வராது என்று சொல்லி முடித்துவிட்டார். அம்மாவிடம்கூட இவள் சொல்லாத செய்தி அது. அன்றைக்குத்தான் அவள் சந்தேகம் மனுசர்களை விட்டுப் போன் மேல் திரும்பியது.

அவள் செய்த சோதனையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கனகாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, போனை அவள் கையில் கொடுத்து மேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இவள் வீட்டில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். முக்கால் மணி நேரத்தில் அம்மாவின் பட்டன் போனுக்கு அண்ணனிடமிருந்து அழைப்பு. ஒம் மகளுக்கு மேலூர்ல என்ன சோலி என்று கேட்டார். முத்துத்தாய் எதிரே இருந்த மகளைப் பார்த்தாள், போனை வைத்தாள்.

தெரிந்து என்ன செய்ய? தூக்கிப் போட முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. எங்கள் வகையறாவில் வந்த சீரைத் திருப்பினால் பிறந்த வீட்டை அறுத்துவிட்டாள் என்று அர்த்தம். புருசன் இல்லாத முத்துத்தாய்க்கு நல்லது கெட்டதுக்கு அண்ணன் வீடு ஒன்றுதான் இருந்தது. போனை உடைத்தாலும் அதே பேச்சு வரும். முனீஸ்வரி இரண்டு கடைகளில் கொடுத்துத் துடைத்துப் பார்த்தாள். மறுநாளே மாமாவுக்குத் தகவல் போக ஆரம்பித்துவிட்டது.

இந்த வருடம் படிப்பு முடிந்தது. ஓசூரில் வண்டிச் சாமான் செய்கிற ஒரு கம்பெனிக்குப் பரீட்சை எழுதினாள். கேட்டவர்களிடம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லி, போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் எழுதினாள். ஆனால் முடிவு, கல்லூரியில் கொடுத்திருந்த அந்தப் போன் நம்பருக்குத்தான் வரும். அது மாமா கண்ணில் படாமல் தன் கண்ணில் பட வேண்டும். பட்டால் வேலை, படாவிட்டால் கல்யாணம். கையில் இருந்தது ஒரு பதினைந்து நாள்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை அணைத்து, என் கண் முன்னாலேயே மறுபடி ஆன் செய்தாள். கம்பெனிப் பெயர் வருவதற்கு முன்னால் கறுப்புத் திரையில் ஐந்து நொடி இங்கிலீசில் பொடி எழுத்து வந்தது. இந்தப் போனின் பூட்டுத் திறக்கப்பட்டிருக்கிறது, இதை நம்ப வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். மூன்று வருடமாக அந்தப் போன் அவளிடம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பெனி விளம்பரம் என்று அவளும் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"தொரை மாமா, பூட்டத் தொறந்தது நீங்கதான?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பெரிய மாமா பாதுகாப்புக்குன்னு சொன்னாருத்தா என்று இழுத்தேன்.

"யாருக்குப் பாதுகாப்பு?" என்றாள்.

கொடு, நானே எடுத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் போனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க தொட வேணாம் மாமா. ஒருக்காத் தொட்டது போதும். கம்ப்யூட்டரையும் கேபிளையும் குடுங்க. அன்னைக்குப் போட்ட ஃபைல் எதுன்னு காட்டுங்க. நான் ரூட் பண்ணப் போறேன்."

ரூட் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய போனில் நாம் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரிதான். ஆணி அடிக்கலாம், சுவரைத் தொட முடியாது. ரூட் எடுத்தால் வீட்டுக்காரர் ஆகிவிடலாம், எதை வேண்டுமானாலும் தூக்கி வெளியே போடலாம். ஆனால் தப்பாகச் செய்தால் போன் செத்துவிடும். இதைச் சொல்லிப் பயமுறுத்தியும் பார்த்தேன். தெரியும் மாமா, இருபது நாளாப் படிச்சிருக்கேன் என்றாள்.

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். போன் எழுந்திருக்க உதவும் ஃபைலை என்னிடம் வாங்கி, அதில் ரூட்டுக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்து, கேபிள் வழியாக ஏற்றினாள். போன் அணைந்து எழுந்தது. கம்பெனிப் பெயர் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. அதற்கு மேல் நகரவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. சாயங்காலமே அண்ணன் ஏன் போன் கிடைக்கவில்லை என்று கேட்பார், முத்துத்தாய் அக்கா என்ன பதில் சொல்வாள்? முனீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் கொடுத்த ஃபைலின் தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவசரத்தில் நான் பழைய ஃபைலைக் கொடுத்திருக்கிறேன். பதினோரு வருட அனுபவம்.

சரியானதைத் தேடி அவளே எடுத்தாள். மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை போன் எழுந்தது, ரூட்டும் கிடைத்தது. அடிப்பகுதிக்குள் போய், காலண்டர் என்று நான் பொய்ப் பெயர் வைத்திருந்த ஆப்பைக் கண்டுபிடித்து அழித்தாள். இரண்டு தடவை அணைத்துப் போட்டு, அது திரும்பி வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தண்ணீர் கேட்டாள். எவ்வளவு ஆச்சு மாமா என்று கேட்டது எனக்குச் செருப்படி. அப்படியே போய் வா தாயி என்று கும்பிட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை ஓசூர்ச் செய்தி வந்தது. அடுத்த திங்கள் சேர வேண்டும். மாமாவுக்குத் தெரியாமல் அவளுக்கு வந்த முதல் செய்தி அதுதான். வெள்ளிக்கிழமை கருத்தக்கண்ணன் எனக்குப் பேசினார். தம்பி, அது வேலை செய்ய மாட்டேங்குது, பாரு என்றார். சர்வர் கோளாறு என்று சமாளித்தேன். வாழ்க்கையில் அந்தப் பொய்க்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குலசாமி கும்பிடு. வகையறா மொத்தமும், கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளும் வருவார்கள். கிடா வெட்டி, பகல் பந்தி நடந்துகொண்டிருந்தது. முனீஸ்வரி இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். கருத்தக்கண்ணனுக்கு ஆறு நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, அங்கேயே பொங்கிவிட்டது.

"ஆறு நாளா ஒம் போன்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. என்ன பண்ணித் தொலைச்ச?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எம் போன்ல ஒங்களுக்கு என்ன மாமா தெரியணும்?"

தான் என்ன சொன்னோம் என்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் நிறுத்தவில்லை. மூன்று வருடமாக மாமா தன் செய்திகளைப் படித்ததையும், சென்னைப் பயிற்சியை இவளுக்குத் தெரியாமல் மறுத்ததையும் நிதானமாகச் சொன்னாள். போனுக்குள்ள இருந்ததை நான்தான் எடுத்தேன், நாளைக்கு ஓசூருக்கு வேலைக்குப் போறேன் என்றும் சொன்னாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, என்னடா பிள்ளை உளறுது என்றார்.

"வச்சது நான்தாண்ணே. எடுத்தது அவ" என்றேன்.

அவருக்கு முகம் கறுத்தது. "நான் வாங்கிக் குடுத்த போனு. குடு இங்கிட்டு."

வகையறாவில் மூத்தவர் மொக்கைச்சாமி இலையிலிருந்து கையை எடுத்தார். ஏலே, குடுத்த சீரையாடா திருப்பிக் கேக்குற என்று கேட்டார். கொடுத்தவன் சீரைக் கேட்டதாக எங்கள் பக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்போதாவது அண்ணன் அடங்கியிருக்கலாம். கோபத்தில் கண் தெரியவில்லை. ஆமா, குடுக்கச் சொல்லு என்று கையை நீட்டினார்.

"அஞ்சு நிமிசம் இருங்க மாமா" என்றாள் முனீஸ்வரி. சிம்மைக் கழற்றினாள். அத்தனை பேர் முன்னாலும் போனை முழுக்கத் துடைக்க விட்டு, அது முடிகிற வரைக்கும் நின்றாள். யாரும் இலையைத் தொடவில்லை.

முத்துத்தாய் கோயில் அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் கையில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு. மகள் கையிலிருந்து போனை வாங்கி அதன் மேல் வைத்து, அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"தட்டுல வந்துச்சு, தட்டுலயே போகட்டும். அண்ணே, நான் திருப்பல. நீதான் கேட்டு வாங்குற. இம்புட்டுச் சனமும் பாத்துக்கிருக்கு. சீரைக் கேட்டவன் மொறையக் கேக்கக் கூடாது. இனிமே எம் மகளக் கேட்டு என் வாசலுக்கு வராத."

மொக்கைச்சாமி அதுக்கு மேல பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார். அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். அவனுக்கும் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. கருத்தக்கண்ணன் போனை எடுத்தார். புதுப் போன் மாதிரி எந்த மொழி வேண்டும் என்று கேட்டு அது நின்றது. அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். முத்துத்தாய் அதைக்கூடச் சொல்லாமல் மறுநாள் காலையில் மகளை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அங்கே எந்தத் தெருவில், யாரோடு தங்கியிருக்கிறாள் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். நான் கேட்கவில்லை.