மூன்று காலிக் கட்டங்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மாணவர் பேரவைச் செயலாளர் என்றால் ஒப்புக்குச் சப்பாணி. ஆண்டு விழாவில் மைக்கைத் தட்டிப் பார்ப்பதும், பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் மேசையின் கடைசியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பதும்தான் வேலை. நான் கல்விப் பிரிவில் எழுத்தர். அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பை நான்தான் தட்டச்சு செய்வேன். கூட்டம் சனிக்கிழமை காலை என்றால் குறிப்பு வெள்ளிக்கிழமை மாலையே தயாராகிவிடும். யார் என்ன பேசப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: ‘மாணவர் பிரதிநிதி நன்றி தெரிவித்தார்.’ இப்படிப் பத்தொன்பது பிரதிநிதிகளை நன்றி சொல்ல வைத்தவள் நான். இருபதாவதாக வந்தவள்தான் சிஸ்டர்.

அவள் நிஜமாகவே சிஸ்டர்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இருபத்தேழு வயதில் நுழைவுத் தேர்வு எழுதி மருத்துவம் படிக்க வந்தாள். முதல் வருடம் பொடிசுகள் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வருடம் செய்முறை வகுப்புக்காகத் தங்கள் கையில் ரத்தம் எடுக்க ஆள் தேவைப்பட்டபோது, வலிக்காமல் எடுப்பவள் அவள் ஒருத்திதான் என்று தெரிந்ததும் அதே சொல்லை மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் கணவர் டயர் கடை வைத்திருந்தார். மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, “எங்கம்மா இன்னும் பாஸாகலை” என்று அந்தக் குட்டி சொன்னதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இறுதி வருடத்தில் பேரவைத் தேர்தல் வந்தது. பையன்களுக்கு விளையாட்டுச் செயலாளர் பதவி மேல்தான் கண். பொதுச் செயலாளருக்கு நின்ற ஒரே பையனும், சனிக்கிழமை காலையில் எழுந்து கூட்டத்துக்கு வர வேண்டும் என்று தெரிந்ததும் ஓடிவிட்டான். போட்டியில்லாமல் சிஸ்டர் தேர்வானாள். டீன் அவளுக்குக் கைகுலுக்கி வாழ்த்தியதை நான் பார்த்தேன். பாவம் மனிதர், யாருக்குக் கை கொடுக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு லாக் புக் இருக்கும். நரம்பில் ஊசி ஏற்றியது இருபது, தையல் போட்டது பத்து, பிரசவம் பார்த்தது ஐந்து என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் தேதி, நேரம், நோயாளியின் பதிவு எண், ஆசிரியரின் கையெழுத்து. எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் இறுதித் தேர்வுக்கு ஹால் டிக்கெட். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நூறாக இருந்த மாணவர்களை நூற்றைம்பதாக்கிவிட்டு, எட்டு வாரப் பிரசவப் பயிற்சியை நான்கு வாரமாகச் சுருக்கினார்கள். பிரசவ அறையில் அதே ஆறு கட்டில்தான். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும். அதற்குக் கட்டம் கிடையாது.

அதனால் கையெழுத்து நாள் என்று ஒன்று தானாக முளைத்தது. பயிற்சியின் கடைசி நாள் உதவிப் பேராசிரியர் ஒருவர் மேசையில் உட்காருவார், மாணவர்கள் வரிசையில் நின்று பக்கங்களைத் திறந்து திறந்து நீட்டுவார்கள். பதிவு எண்ணெல்லாம் பிரசவ அறைப் பதிவேட்டிலிருந்து காப்பி அடித்தது. அடிக்கும்போதாவது பார்த்து அடிக்க வேண்டாமா? போன வருடப் புத்தகங்களை நான் அடுக்கி வைக்கும்போது பார்த்தேன், ஒரே தாய் நாற்பது பேர் கையால் பெற்றிருந்தாள். அவசரத்தில் எவனோ பக்கத்து வார்டுப் பதிவேட்டைத் திறந்துவிட்டான் போலிருக்கிறது. குடலிறக்கத்துக்கு வந்திருந்த அறுபது வயது ஆண் ஒருவருக்குப் பதினொரு பேர் சுகப்பிரசவம் பார்த்திருந்தார்கள். பதினொன்றிலும் கையெழுத்து இருந்தது. நான் சிரித்துவிட்டு அலமாரியைப் பூட்டினேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சிஸ்டர் செயலாளரான மூன்றாவது வாரம் பிரசவ அறையில் அது நடந்தது. அப்போதுதான் படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவராக வந்திருந்த பெண் ஒருத்தி. குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது, அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றுவிட்டது. பணியில் இருந்த நர்ஸ் அவளைத் தள்ளிவிட்டுக் கொடியை எடுத்துவிட்டார். குழந்தை பிழைத்தது. அந்தப் பெண் கைகழுவும் இடத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். சிஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உன் புத்தகத்தில் எத்தனை பிரசவம் என்று கேட்டிருக்கிறாள். ஐந்து. பார்த்தது? ஒன்று, அதுவும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து. இதை என்னிடம் சொல்லும்போது சிஸ்டரின் முகத்தில் சிரிப்பே இல்லை.

அடுத்த நாள் பேரவையைக் கூட்டினாள். செய்ததை மட்டும் எழுதுவோம், செய்யாத கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுப்போம், நூற்றைம்பது புத்தகமும் அப்படிப் போனால் கல்லூரி வழிக்கு வந்தே ஆக வேண்டும் என்றாள். கைதட்டல் காதைப் பிளந்ததாம். எங்கள் பிரிவின் கவுண்டருக்குக் காலிக் கட்டங்களோடு முதல் நாளே தொண்ணூற்று மூன்று புத்தகங்கள் வந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை டீன் அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு வரி ஒட்டச் சொன்னார்: முழுமையடையாத லாக் புக்குக்கு ஹால் டிக்கெட் இல்லை. வீடுகளுக்கும் போன் போனது. மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராக வந்து, புத்தகத்தைத் திரும்பத் தாருங்கள் என்று தலையைச் சொறிந்தார்கள். மூன்றாம் நாள் என் மேசையில் ஆறு புத்தகம் மிச்சம். வாரக் கடைசியில் ஒன்று.

அந்தப் பொடிசுகள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கைதட்டும்போது இல்லாத அப்பா அம்மா கையெழுத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தார்கள்? சிஸ்டர் யாரையும் திட்டவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர்களிடம், கடன் வாங்கிப் படிக்கிறவங்களும் இருக்கீங்க, போய்ப் படிங்க என்று அனுப்பிவிட்டாள். ஆனால் அன்று நான் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் அப்படியே ஆறவிட்டுப் போனாள்.

நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் புத்தகத்தில் மற்றதெல்லாம் நிரம்பியிருந்தது. ஊசியும் தையலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரசவம் மட்டும் இரண்டு. அவசரப் பிரிவுக்கு வலியோடு வருபவர்களை நேரே பிரசவ அறைக்கு அனுப்பிவிடுவார்களாம், அதனால் நர்ஸாக இருந்தபோதும் பார்த்ததில்லை. மிச்சம் மூன்று கட்டம். மூன்றே மூன்று. தேர்வைத் தவறவிட்டால் ஆறு மாதம் போகும், சேமித்து வைத்த பணத்தில் இன்னும் ஆறு மாதம் ஓட்ட வேண்டும், முப்பத்திரண்டு வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம்தான் என்றாள். ஆனால் பயிற்சி நேரம் போக மீதி நேரத்திலும் போய் நிற்க அனுமதி கேட்டிருப்பதாகவும், நான்கைந்து வாரத்தில் மூன்றுக்கும் முறை வந்துவிடும் என்றும் சொன்னாள். தேர்வுக்கு இருந்ததோ பதினெட்டு நாள்.

அந்தச் சனிக்கிழமை பாடத்திட்டக் குழு கூடியது. குறிப்பு வழக்கம்போல முதல் நாளே தயார். டீன் அதை வாசித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, தாள் மேசையின் கடைசிக்கு வந்தது. சிஸ்டர் பேனாவை எடுக்கவில்லை.

“சார், நான் நன்றி சொல்லலை. சொல்லாததை எழுதியிருக்கீங்க,” என்றாள்.

டீன் சிரித்துக்கொண்டே, அது வழக்கமாக எழுதுவதுதான் என்றார்.

“எல்லாத்தையும் வழக்கமாத்தான் எழுதறோம், சார். பிரசவத்தையும் அப்படித்தான் எழுதறோம்.”

பிறகு தன் தாளை விரித்தாள். நாற்பது பேர் கையால் பெற்ற தாயின் பதிவு எண், குடலிறக்கக்காரரின் பதிவு எண், எந்தெந்தப் பக்கம் என்று வாசித்தாள். அலமாரிச் சாவியை அவளுக்கு யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். மகப்பேறுத் துறைத் தலைவி தலையைத் தூக்கவே இல்லை. நான்கு நான்கு பேராக முறை வைத்து, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவ அறையை மாணவர்களுக்குத் திறந்துவிட்டால் நூற்றைம்பது பேருக்கும் ஐந்து கிடைக்கும் என்று கணக்கும் போட்டு வந்திருந்தாள். ஆசிரியர் போதாது என்றார் டீன். கல்லூரிப் பெயர் என்னாவது என்றார். கடைசியில், கையெழுத்துப் போடாவிட்டால் தேர்வை மறந்துவிடு என்றார்.

“எழுதலைன்னா பரவாயில்லை, சார்,” என்றாள் சிஸ்டர். “ஒரு அம்மா என் கையை நம்பிப் படுத்திருக்கும்போது நான் உறைஞ்சு நிக்க மாட்டேன்.”

அவள் கணவர் திங்கட்கிழமை கல்விப் பிரிவுக்கு வந்தார். விரலிடுக்கில் கிரீஸ். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். இன்னும் ஆறு மாதம் நான்தான் சமைக்கணுமா, அதை மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன் என்றார். தெரியவில்லை என்றேன். சமைக்கிறது பிரச்சினையில்லை, நான் சமைக்கிறதைச் சாப்பிடறவங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப் போனது.

சிஸ்டரின் கையெழுத்து இல்லாத குறிப்பு அப்படியே பல்கலைக்கழகத்துக்குப் போனது. விதிப்படி போக வேண்டும், நானும் விதிப்படி அனுப்பினேன். எட்டாம் நாள் கடிதம் வந்தது: மாணவர் பிரதிநிதி ஏன் கையெழுத்திடவில்லை, விளக்கம் தேவை. அன்று டீன் அறையில் கதவை மூடிக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். மறுநாள் சிஸ்டரின் லாக் புக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாலையில் அது திரும்பி வந்தது, கூடவே ஓர் உறையில் அவளுடைய ஹால் டிக்கெட். அவளைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். குறிப்பில் கையெழுத்தையும் வாங்கிவிடச் சொன்னார்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். சிஸ்டர் பிரசவ அறை உடையிலேயே ஓடி வந்தாள். உறையைத் தொடாமல் முதலில் புத்தகத்தைத்தான் திறந்தாள். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தவள் இரண்டாவதில் நின்றாள்.

“அக்கா, இந்தத் தேதி என்ன கிழமை?”

சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன். சனிக்கிழமை.

“பத்து நாற்பதுக்கு நான் பிரசவம் பார்த்தேனாம். அன்னைக்குப் பத்து நாற்பதுக்கு உங்க கண்ணு முன்னாடி டீன்கூட சண்டை போட்டுட்டு இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. குரலைத் தாழ்த்தி, யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். ஆறு மாசம்மா, வாங்கிக்கோ என்றேன். அவள் ஹால் டிக்கெட்டை எடுத்துத் தன் புகைப்படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கக்கூட இல்லை. பிறகு பேனா கேட்டாள்.

நர்ஸுகள் நோயாளியின் குறிப்பில் தவறைத் திருத்தும்போது கிறுக்கி மறைக்க மாட்டார்கள். அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள். மூன்று கட்டத்திலும் உதவிப் பேராசிரியரின் கையெழுத்துக்கு மேலேயே ஒரு கோடு, பக்கத்தில் ‘இதை நான் செய்யவில்லை’, தேதி, அவள் கையெழுத்து.

“டிக்கெட்டை நீங்களே வச்சுக்கோங்க,” என்றாள். “புத்தகத்தை டீன்கிட்ட குடுங்க. பல்கலைக்கழகம் கேட்ட விளக்கத்தோட இதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க.”

மேலே யாருக்கோ வலி அதிகமாகியிருக்கிறது, இன்று என் முறை என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இத்தனை வருடத்தில் டீன் அறைக்குள் நான் கதவைத் தட்டாமல் நுழைந்தது அன்றுதான்.