மின்சாரத்துக்கு முறை வைத்த ஜக்கம்மா

ஊராட்சிக் கூட்டத்தில் ஜக்கம்மா பேச எழுந்தால் லேசில் உட்கார மாட்டார். குச்சனூருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கரில் வாழை போட்டிருக்கும் வார்டு உறுப்பினர் அவர்.

அன்று வந்த விஷயம் டேட்டா சென்டர். ஊருக்கு மேற்கே தரிசில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுமானத்துக்கு இழுத்த லைனாலேயே வோல்டேஜ் குறைந்து ஜக்கம்மாவின் மோட்டார் காயில் எரிந்துபோனது. சென்டரே ஓடத் தொடங்கினால் குலை தள்ளிய வாழைக்குத் தண்ணீர் ஏறுமா?

கம்பெனி மேலாளர் விஜயகுமார் பொறுமையாகவே சொன்னார். "அம்மா, எங்க மெஷின் ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது."

"நிறுத்தச் சொல்லல தம்பி. இங்கன வாய்க்கால்ல முறை வச்சுத்தான் பாய்ச்சுறோம். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவுக முறை முடிஞ்சா மடையை அடைச்சிரணும். கரண்டுக்கும் அப்படியே வைப்போம்."

கொழுந்தனார் வேலுச்சாமி சிரித்தார். "மதனி கம்ப்யூட்டர் கையில மம்பட்டியக் குடுத்துருவாக போல!"

"குடுத்தா அதாவது வேலை பாக்கும், உங்க கையில சும்மாதான கெடக்கு?"

கூட்டம் அடங்கியதும் ஜக்கம்மா கேட்டார்: "உங்க வேலை எல்லாமே அவசரமா தம்பி?"

விஜயகுமார் யோசித்தார். "இல்லம்மா. தகவலை நகலெடுக்கிறது, பெரிய கணக்குகளை ஓட்டுறது, இதையெல்லாம் ராத்திரிக்குத் தள்ளலாம்."

"அப்பப் பகல் எங்க முறை, அவசர வேலைக்கு மட்டும் நீங்க அளவா எடுத்துக்கங்க. முறை தப்பி எடுத்தா மறுநாள் ராத்திரி உங்களுக்குப் பாதிதான். அதையும் எழுதணும்."

"அபராதத்துக்கு மேல இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா."

வேலுச்சாமியின் சிரிப்பு போய்விட்டது. "மதனி, கெடுத்துராதீக. எம்மகன் அங்கன வேலைக்குச் சேரப்போறான்."

"சேரட்டும். நம்ம மோட்டாரும் ஓடட்டும். ரெண்டையும் கேக்காம எதுக்குக் கூட்டம்?"

முதலில் பெண்கள் பக்கம் கைகள் உயர்ந்தன. வேலுச்சாமி சுற்றிலும் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். அபராதம் இல்லாமல் சென்டர் ஓட அனுமதி இல்லை என்று தீர்மானம் ஆனது. கம்பெனி சில வாரம் முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு மின்வாரியத்தின் முன்னிலையில் கையெழுத்துப் போட்டது.

சென்டர் திறந்த சில நாளிலேயே ஒரு பகலில் அது எடுத்த மின்சாரம் அளவு மீறிவிட்டது. மறுநாள் ராத்திரிக்குப் பாதிதான் என்று ஊராட்சியிலிருந்து அன்றே தாக்கீது போனது. விஜயகுமார் போனில் கெஞ்சினார்: "முதல் தடவைம்மா. விட்டுக் குடுக்கக் கூடாதா?"

ஜக்கம்மா வாழைக்குள் நின்றிருந்தார். பாத்தியில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது.

"முதல் தடவை விட்டா அதுவே வழக்கமாயிரும் தம்பி. நாளான்னைக்கு முழுசா எடுத்துக்கங்க. இப்ப வைக்கிறேன், அடுத்த பாத்திக்குத் திருப்பணும்."