கூடத்துக் கேமரா

நடவு நாளில் எங்கள் தெருவே வயலுக்குப் போய்விடும். தனியாக இருக்க எனக்குப் பயம். துபாயில் இருக்கும் மகனை நச்சரித்துக் கூடத்தில் கேமரா வைக்கச் சொன்னதே நான்தான்.

பக்கத்து வீட்டு அக்கா மத்தியானத்தில் வந்து என்னோடு முருங்கைக்கீரை உருவுவாள். அவள் வீட்டுக்காரர் கட்சிக்காரர், வாசலிலேயே கொடிக்கம்பம் உண்டு. தேர்தலுக்கு மறுநாள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கொடி கட்டுறது அவரு, பட்டன அமுக்குறது நானு. மாத்தித்தான் போட்டேன். வெளிய சொல்லிடாதடி."

சாயங்காலம் போனில் மகன், "என்னம்மா, பெரியம்மா மாத்திப் போட்டுட்டாங்களாமே!" என்றான். கேமரா பேச்சையும் கேட்கும் என்பது எட்டாவதோடு நின்ற எனக்கு எப்படித் தெரியும்? மனசு கேட்காமல் ஓடிப்போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. அழைத்துவந்து, வயரைப் பிடுங்கியும் காட்டினேன்.

"இன்னிக்குப் பிடுங்குவ, நாளைக்கு மாட்டுவ. அவரு காதுக்குப் போச்சுன்னா நான் எங்கடி போறது?"

இப்போதெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மகன் வயரை மறுபடி மாட்டச் சொல்லிவிட்டான்.

"வீட்டுக்குள்ள யாருமே வர்றதில்லம்மா. இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு" என்கிறான்.