தொழுவத்துக்கு ஒரு தட்டு

நேற்று ஜங்ஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடையைத் தாண்டினேன். பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை வந்தது, அப்படியே நின்றுவிட்டேன். "என்ன அண்ணாச்சி, காத்து அடிக்கணுமா?" என்றார் கடைக்காரர். என்னிடம் சைக்கிளே இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குத் தலை குனிந்துவிடும்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய கோடை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானும் ஞானமுத்துவும் வாத்தியார்கள். லீவில் சைக்கிளிலேயே சென்னைப் பட்டணம் போய்வருவதென்று முடிவு செய்தோம். ஊரே சிரித்தது. எனக்குச் சைக்கிள் ஏறக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆற்றங்கரைச் சாலையில் பின்னால் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவருவார். வாழைத் தோட்டத்துச் சகதியில் நான் விழாத நாள் குறைவு.

பயணத்துக்கு நான் சேர்த்த சாமான்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். விபூதிப் பை மூன்று, சுக்கு, ஓமம், மிளகாய்ப் பொடி. பம்பு, ரப்பர்த் துண்டு, பசை, கார்பைடு விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. சங்கிலிக்கு விளக்கெண்ணெய் போட்டதும் அவரே.

ஞானமுத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; எங்கள் வீடு சைவம். அவர் வீட்டுக்குப் போனால் அவர் அம்மா எனக்கு உரிக்காத வாழைப்பழம்தான் தருவார். சமைத்தது எதையும் நான் தொடமாட்டேன் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வழியில் தங்குவதற்காகக் கோவில்பட்டி, மதுரை, திருச்சி உறவினர்களுக்குக் கார்டு எழுதினேன். 'கூட வருகிறவர் வேதக்காரர். அவருக்குத் தொழுவத்துப் பக்கம் இலை போட்டால் போதும். ஒன்றும் நினைக்கமாட்டார்.' எழுதியவன், தபாலில் போடச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். கார்டை யாரும் படிக்கலாம் என்பது தெரியாதா? தெரியும். அதில் நோவதற்கு ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் மூட்டை கட்டினோம். அவர் மூட்டையில் ஓர் எனாமல் தட்டும் தம்ளரும் இருந்தன.

"இது எதுக்கு வே?"

"தொழுவத்துல இலை பறந்துரும்லா. தட்டுன்னா நிக்கும்."

கோபமே இல்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதோ முனகினேன்.

"நீரு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுதீரு? வாரேம்னு சொன்னா வாரேன்."

வேறு கார்டு எழுதியிருக்கலாம். சத்திரத்தில் தங்குவோம் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் காலை, காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி சில்லென்றிருந்தது.

"பைய எந்திரியும். உடம்பப் பாத்துக்கிடும்," என்று மட்டும் சொன்னார்.

தனியாகவே போனார். பட்டணம்வரை போய்த் திரும்பியும் வந்தார். பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனார். பிறகு அவர் இறந்த செய்திதான் வந்தது.

இப்போது தொழுவத்தில் இலை போடும் வீடுகள் இல்லை. பல வீடுகளில் தொழுவமே இல்லை. ஹோட்டலில் யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். நானும் பெயர் கேட்காமல் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஞானமுத்துவோடு மட்டும் ஒரு வேளைகூட உட்கார்ந்ததில்லை.